சக்கரம் தின்ற பாட்டுகள்

பென்டிரைவ் ஜட்ஜுகள் மேசைக்குப் போய்விட்டது, இனிமேல் பாட்டை மாற்ற முடியாது என்று ஆன பிறகு சுடலைமணிக்கு வலது கால் ஸ்கேட்டிங் பூட்ஸ் லேஸில் முடிச்சு விழவில்லை. மூன்று தடவை கட்டினான். மூன்று தடவையும் அவிழ்ந்தது.

"இறுக்கிக் கட்டுல," என்றார் அப்பா ஆவுடையப்பன். ரிங்க் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிரும்."

"எது முடிஞ்சிரும்?"

"எல்லாந்தான்."

எல்லாம் என்று அப்பா சொன்னது ஒரு பாட்டை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பதினோரு பிள்ளைகள் மாறுவேஷம் போட்டு, ஒவ்வொன்றாக முன்னால் வந்து, பேரைச் சொல்லிப் பாடிய பாட்டு. ஒன்பது நாள் கழித்து அதே பதினோரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த வேன், சாயங்காலம் நாலு இருபதுக்கு, வேலி இல்லாத கல்குவாரிக் குழிக்குள் போனது. பாட்டில் ஏழாவதாக வந்தது மணியின் தங்கை முத்தரசி. மயில் வேஷம். இன்றைக்கு இந்தப் பாட்டுக்கு மணி காலில் சக்கரம் கட்டி உருண்டால் செம்பொத்தையில் ஒருத்தர் காதிலும் அது இனி விழாது. போனில் இருக்கும், ஓடும், நிமிஷம் செகண்டு எல்லாம் நகரும், சத்தம் மட்டும் வராது. செம்பொத்தைக்காரர்களுக்கு இது நாலாம் நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது மாதிரித் தெரிந்த விஷயம். இதற்கு வாயைப் பிளந்த காலமெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது.

ஆரம்பம் இப்படி. பஞ்சாயத்து காண்ட்ராக்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்கேட்டிங் ரிங்க் கட்டினார், மழைத்தண்ணி தேங்கக் கூடாதென்று கிழக்கே சாக்கடையைப் பார்த்து வாட்டம் வைத்துக் கட்டினார், அந்த வாட்டம் கொஞ்சம் கூடிப்போனதால் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாலே ஆள் மெல்ல மெல்லச் சாக்கடைப் பக்கம் போய்ச் சேருவான். அதிலேயே பழகினதால்தான் எங்க பிள்ளைகளுக்குத் தொடை இரும்பு என்று கோச் ஜெசிந்தா மிஸ் வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். ரேஸ் ஓட ஊரில் இருபது பேர் இருந்தார்கள். பாட்டுக்கு ஆடி, குதித்து, சுழன்று மார்க் வாங்குகிற ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங்குக்கு மணி ஒருத்தன்தான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வேறு எதிலும் எவனும் அவனை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

முதல் போட்டிக்கு மிஸ் ஒரு குத்துப்பாட்டை எடுத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம டர்ன். ஜட்ஜு தூங்காம இருக்கணும்லா," என்றார். மணி ஆடினான், கையைத் தூக்கி முடித்தான், முடித்த அந்த நொடியில் இரண்டு தெரு தள்ளிக் கல்யாண வீட்டில் அதே பாட்டை ஊதிக்கொண்டிருந்த பேண்டு செட்டுக்காரர்கள் கன்னம் உப்ப உப்ப ஊதிக்கொண்டே இருந்தார்கள், சத்தம் மட்டும் நின்றுபோனது. அவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்கள் காதில் நன்றாகத்தான் விழுந்தது. மாப்பிள்ளையின் மாமா மேடைக்குப் போய், காசு வாங்கிக்கிட்டு நடிக்கியா என்று டிரம்பெட்காரன் சட்டையைப் பிடித்தார். அடிதடி ஆகிப் பந்தி அரைமணி நேரம் நின்றது. அடுத்த போட்டியில் அடுத்த பாட்டு போனது. மூன்றாவது போட்டியில் ஒரு நிமிஷம் ஆனதும் சக்கர நட்டு கழன்று மணி உட்கார்ந்துவிட்டான், அந்தப் பாட்டில் முதல் நிமிஷம் மட்டும் போய் மிச்சம் இருந்தது; இன்றைக்கும் செம்பொத்தை டீக்கடையில் அது பாதியிலிருந்துதான் ஆரம்பிக்கும். சக்கரம் எவ்வளவு நேரம் உருளுகிறதோ அவ்வளவு பாட்டைத் தின்னும், உருளாவிட்டால் தின்னாது என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் புரிந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. ஊர் கேட்டது வேறு: எங்களுக்கு இந்தப் பாட்டைக் கொஞ்சம் ஆடித் தருவியா என்று.

முதலில் வந்தது பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள். அங்கே ஒலிபெருக்கியில் காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் ஜவுளிக்கடை விளம்பரப் பாட்டு ஓடும், பதினைந்து விநாடிப் பாட்டு, பத்து வருஷமாக. மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "பாட்டுன்னா ஒரு ஏத்தம் வேணும், ஒரு இறக்கம் வேணும், ஜம்ப் இறங்குத எடத்துல ஒரு இடி விழணும். இதுல எங்கய்யா இடி? ஆடித் தள்ளுபடிதான் இருக்கு." ஆனாலும் அதைப் பத்துத் தடவை ஒட்டிக் கொடுத்தார், மணி அதுக்கும் ஆடினான், மூன்றாவது பரிசு வாங்கினான், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பத்து வருஷத்துக்கு அப்புறம் காக்கா சத்தம் கேட்டது. அதிலிருந்து ரிங்க் வாசலில் தகரப் பெட்டி வைத்தார்கள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சீட்டு விழுந்தது, புருஷன் இன்னொருத்தியோடு போன அன்றைக்கு டி.வி.யில் ஓடின பாட்டு என்று ஒருத்தி எழுதிப் போட்டாள், மகன் பரீட்சைக்குப் படிக்காமல் கேட்கிற பாட்டு என்று ஒரு வாத்தியார் எழுதிப் போட்டார், தேர்தல் வந்தபோது இந்தக் கட்சிக்காரன் அந்தக் கட்சிப் பாட்டையும் அந்தக் கட்சிக்காரன் இந்தக் கட்சிப் பாட்டையும் எழுதிப் போட்டு, மணி இரண்டையும் ஒட்டி ஆடி, அந்த வருஷம் செம்பொத்தையில் வாய் மட்டும் அசைகிற பிரசார ஜீப்புகள் தெருத்தெருவாகப் போய்வந்தன.

இதில் மணிக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அதை எவனும் கேட்கவில்லை. ஒத்திகை பார்க்க முடியாது. சக்கரத்தோடு ஒரு தடவை பாட்டைப் போட்டுவிட்டால் பாட்டு காலி. அதனால் பாட்டைப் போட்டு வெறுங்காலில் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணுவான், பிறகு பாட்டை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு மிஸ்ஸின் கைத்தட்டுக்கு ஆடுவான். சக்கரமும் பாட்டும் ஒன்றாகச் சேருவது போட்டியன்றைக்கு ஒரே தடவை. அன்றைக்கு ஊரே வந்து உட்காரும், கடைசியாகக் கேட்டுக்கொள்ள.

எல்லாம் நன்மைக்கே நடந்ததென்று சொல்ல முடியாது. ஒரு கூட்டத்துப் பையன்கள் கொடி கட்டிய பைக்கில் அலறவிட்டுக்கொண்டு வருகிற பாட்டு ஒன்று இருந்தது, அது கேட்டாலே வடக்குத் தெருவில் கதவைச் சாத்துவார்கள். வடக்குத் தெருவே சேர்ந்து சீட்டுப் போட்டது, மணி ஆடினான், பாட்டு போனது. அடுத்த மாதம் அதே பையன்கள் சத்தமில்லாமல் வந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு பேரை வெட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு அப்புறமும் தகரப் பெட்டியில் சீட்டு விழுவது குறையவில்லை.

பிறகுதான் வேன் போனது.

ஊருக்குப் பேர் கொடுத்த செம்பொத்தை ஒரு காலத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு பாறைக் குன்று. இப்போது அது ஒரு குழி. கிரஷர் முதலாளி சொர்ணவேல் அதை வெட்டி ஜல்லியாக்கி விற்று முடித்துவிட்டு ரோட்டுப் பக்கமும் கையை வைத்தார். ரோட்டை ஒட்டின கடைசிப் பத்தடியைப் பொக்லைன் ஓட்டித் தோண்டியது யார் என்றால் ஆவுடையப்பன். மணியின் அப்பாதான். வேலி போடணும் மொதலாளி என்று அவர் சொன்னாராம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னாராம்.

பதினோரு பிள்ளைகளையும் எடுத்த பிறகு பெற்றவர்கள் தினமும் நாலு மணிக்குக் குவாரி வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். கோஷம் போடத் தெரியாது. ஆண்டு விழாப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். 'யாரு வந்தா, யாரு வந்தா' என்று எல்லாரும் சேர்ந்து கேட்கும், உடனே ஒரு பிள்ளை, 'கதிரவன் வந்தேன், கிளியா வந்தேன்' என்னும். இன்னும் இரண்டு பிள்ளை தாண்டி மறுபடியும் யாரு வந்தா. 'இமாக்குலேட் வந்தேன், மேகமா வந்தேன்.' லாரி டிரைவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். அந்தப் பாட்டு ஓடுகிற வாசலைத் தாண்டி எவனாலும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். நாற்பது நாள் கிரஷர் ஓடவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் சொர்ணவேல் மணியின் வீட்டுக்கு வந்தார். கையில் புது ஸ்கேட்டிங் பூட்ஸ், வெளிநாட்டுப் பெட்டியில். இன்னொரு கையில் ஒரு காகிதம்.

"ஒம்போது வீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு ஆவுடையப்பா," என்றார், நாற்காலியில் உட்காராமல். "நான் யாரையும் வற்புறுத்தல. அவங்களே சொல்லுதாங்க, அண்ணாச்சி, இத நிறுத்தவும் முடியல, கேக்கவும் முடியலன்னு. பத்தாவது நீ. பதினொண்ணாவது வீடு பூட்டிக் கெடக்கு, ஊர விட்டே போயிட்டாங்க."

"போட்டியே இல்லியே இப்போ," என்றான் மணி.

"நான் நடத்துதேன். ஜில்லாப் போட்டி. நம்ம ரிங்க்ல. ஜெயிச்சா ஸ்டேட்டுக்குப் போற. குழிக்கு வேலியும் போட்டுருதேன்." அவர் குரலில் பொய் இருந்தது மாதிரி மணிக்குத் தெரியவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. "பிள்ளையள மறக்கச் சொல்லலய்யா. பாட்டு மட்டுந்தான்."

அம்மா கோமதி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது நாளில் அவள் சோற்றைத் தொட்டதை மணி எண்ணிச் சொல்லிவிடுவான். காலையில் எழுந்ததும் பாட்டைப் போடுவாள், ஏழாவது பிள்ளை வரைக்கும் கேட்பாள், நிறுத்துவாள், மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

"எம்புள்ள அவ வாயால அவ பேரச் சொல்லுறது உலகத்துல அந்த ஒரு எடத்துலதான் இருக்கு," என்றாள். "அதயும் தோண்டணுமா உங்களுக்கு?"

சொர்ணவேல் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார். காகிதத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கோடுதான் போட்டிருந்தது. அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சொர்ணவேல் போனார். அப்பா சுவரைப் பார்த்துப் பேசினார். "யாரு வந்தா யாரு வந்தான்னு கேக்குதுல்லா. எனக்கு என்னமா கேக்கு தெரியுமா? யாரு தோண்டுனா, யாரு தோண்டுனான்னு கேக்கு. வேலைக்குப் போனாலும் கேக்கு, கக்கூஸ்ல இருந்தாலும் கேக்கு." பிறகு மணியிடம் திரும்பினார். "ஒங்கம்மாளும் போயிருவால. நீயே பாக்கேல்லா. ஆடிரு."

ஜெசிந்தா மிஸ் பாட்டை வெட்டினார். முழுப் பாட்டு நாலு நிமிஷத்துக்கு மேலே, போட்டிக்கு இரண்டு நாற்பதுதான். கூட்டமாகப் பாடுகிற மற்ற இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு 'யாரு வந்தா'வையும் பேர் சொல்கிற இடங்களையும் மட்டும் ஒட்டினார், ஏனென்றால் முதலாளி அதைத்தான் கேட்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டு லேப்டாப்பை மூடி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நல்ல பாட்டுல," என்றார். "ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஏத்தம் இருக்கு. டபுள் ஜம்ப்ப ஏழாவது பேர்ல வைக்கணும். அங்கதான் சரியா விழுது."

"ஏழாவதுல வேண்டாம் மிஸ்."

"அப்ப ஒன்பதுல வை. மார்க் கொறையும்."

வெறுங்காலில் முப்பது தடவை நடந்தான். முத்தரசி பேர் வருகிற இடத்தில் கை எங்கே, கால் எங்கே, முகம் எந்தப் பக்கம் என்று எல்லாம் பாடமாகிவிட்டது. அவளுக்குத் தொண்டை சரியில்லாத அன்றைக்குத்தான் ஆண்டு விழா. 'மயிலா' என்று சொல்லுகிறபோது குரல் உடைந்து ஒரு சின்ன இருமல் வரும். அந்த இருமலுக்கு மிஸ் ஒரு திருப்பம் வைத்திருந்தார்.

இன்றைக்கு ஊரே வந்திருந்தது. சிமெண்டுப் படிக்கட்டில் இடமில்லை. பெற்றவர்கள் முதல் வரிசையில், பக்கத்தில் பக்கத்தில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். அம்மா ஓரத்தில். மணி வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆடாதே என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தான். சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். போனை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சொர்ணவேல் ஜட்ஜுகளுக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் ஒரு மைக்.

நாலாவது தடவை முடிச்சு விழுந்தது.

பேரைக் கூப்பிட்டார்கள். மணி நடுவுக்கு உருண்டு போனான், கிழக்கே பார்த்து நின்றான், ஒரு குதிகாலை இன்னொரு காலின் நடுவில் வைத்துப் பூட்டினான், வலது கையைத் தூக்கினான். பாட்டு ஆரம்பித்துப் பத்து விநாடிக்குள் ஆள் அசைய வேண்டும், அதுதான் விதி.

'யாரு வந்தா, யாரு வந்தா.'

மணி அசையவில்லை.

'கதிரவன் வந்தேன், கிளியா வந்தேன்.'

அவன் தீர்மானம் பண்ணியெல்லாம் வரவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஆடத்தான் வந்தான், கால் முன்னால் போக வேண்டிய இடத்தில் போகவில்லை, அவ்வளவுதான். பத்து விநாடி போனது. தலைமை ஜட்ஜ் விசில் ஊதினார். பாட்டைப் போடுகிறவன் மிஸ்ஸைப் பார்த்தான், மிஸ் நிறுத்து என்றும் காட்டவில்லை ஓடட்டும் என்றும் காட்டவில்லை, அவன் பாட்டை நிறுத்தாமல் விட்டுவிட்டான்.

சக்கரத்தில் ஓடுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. சக்கரத்தில் சும்மா நிற்பதுதான். அதுவும் அந்த வாட்டத்தில். இரண்டாவது பேருக்கே தொடை நடுங்க ஆரம்பித்தது, மூன்றாவது பேருக்கு முதுகில் வியர்வை இறங்கியது, தூக்கின கையை இறக்கினாலும் எடை மாறிச் சக்கரம் நகர்ந்துவிடும் என்று அதையும் இறக்காமல் வைத்திருந்தான். ஒரு விரல்கடை உருண்டால் ஒரு பேர் போகும். கிழக்கே சாக்கடை இருந்தது, சாக்கடையைப் பார்த்து ரிங்க் முழுக்க அவனை இழுத்தது. எந்தப் பிள்ளை பேரில் கால் விடும் என்று அவனுக்கே தெரியாது.

"ஆடுல," என்றார் அப்பா கம்பிக்கு வெளியே இருந்து.

'இமாக்குலேட் வந்தேன், மேகமா வந்தேன்.'

"ஏல. ஆடிரு சொல்லுதேன்."

அப்பா செருப்போடு ரிங்க்குக்குள் இறங்கினார். செருப்போடு இறங்கினால் ஜெசிந்தா மிஸ் யாரையும் விடமாட்டார், அன்றைக்கு விட்டார். சாக்கடைப் பக்கமிருந்து ஏறிவந்து மணிக்கு நேர் எதிரே, மூச்சு படுகிற தூரத்தில் நின்றார்.

மைக் கரகரத்தது. "ஆவுடையப்பா," என்றார் சொர்ணவேல், நிதானமாக, பெரிய குரலெல்லாம் இல்லை. "பிள்ள பயப்படுதான். லேசாத் தள்ளி விடு. உருண்டாப் போதும்."

அப்பா கையைத் தூக்கி மணியின் நெஞ்சில் வைத்தார். லீவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. பனியனுக்கு மேலேயே அது சொரசொரப்பாகத் தெரிந்தது.

இதற்கப்புறம் என்ன ஆனதென்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடலாம், பின்னால் சொல்ல ஒன்றும் இல்லை. வேலி வரவில்லை. சொர்ணவேல் வெளி மாநிலத்திலிருந்து டிரைவர்களைக் கூட்டிவந்தார், அவர்களுக்கு அந்தப் பாட்டு ஒரு பாட்டு, அவ்வளவுதான்; நாலு மணிக்குப் பெற்றவர்கள் உட்கார்ந்து பாட்டைப் போடுவார்கள், லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு பக்கத்திலேயே போகும். கையெழுத்துப் போட்ட வீடுகளில் இரண்டு வீட்டுக்காரர்கள் மணியோடு பேசுவதில்லை. ஒரு தாய் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அரளி விதையைத் தின்றாள். அதற்கு யார் காரணம் என்று ஊருக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு, மணிக்கு ஒன்றுதான். அப்பாவுக்கு வேலை போனது. மணிக்கு ஸ்டேட் போனது, பூட்ஸ் திரும்பிப் போனது, அவன் இப்போது டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். அம்மா இன்னும் ஏழு வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்துகிறாள். சில நாள் பதினொன்று வரைக்கும் கேட்கிறாள்.

ஆனால் அன்றைக்கு, அந்தக் கை நெஞ்சில் இருந்தபோது, ஆறாவது பிள்ளை முடித்திருந்தது. மணியின் பூட்டின கால் விட்டுப்போக ஒரு மூச்சு பாக்கி இருந்தது. அவன் மொத்த எடையும் முன்னால் சாய்ந்து அப்பாவின் உள்ளங்கையில் போய் நின்றது.

'யாரு வந்தா, யாரு வந்தா.'

"தள்ளுய்யா," என்றது மைக்.

'முத்தரசி வந்தேன், மயிலா' என்று சொல்லி, இருமி, 'வந்தேன்' என்று முடித்தது குரல்.

அப்பாவின் விரல்கள் பனியனைக் கொத்தாகச் சுருட்டிப் பிடித்தன. தள்ளு, தள்ளு என்று மைக் எட்டாவது பேருக்கும் ஒன்பதாவது பேருக்கும் நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டது. சாக்கடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்புக் காலைச் சிமெண்டில் ஊன்றிக்கொண்டு, அவர் பிள்ளையின் எடையைத் தாங்கி நின்றார்.

தள்ளவில்லை.